வழி தெரியாத கோமாளி

பிற்பகல் மூன்று மணி. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் நீண்ட நடை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள். காபி வர இன்னும் நேரமிருக்கிறது. பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஜன்னலையே பார்த்தபடி ஒரு மூதாட்டி. கதவு மெல்லத் தட்டப்படுகிறது. வாசலில் ஓர் ஆள்: பழைய மோஸ்தரில் கோட்டு, தலைக்குப் பொருந்தாத சின்னத் தொப்பி, மூக்கின் மேல் நெல்லிக்காய் அளவில் ஒரு சிவப்பு உருண்டை.

“உள்ளே வரலாமா?”

“வேண்டாம். போ.”

வந்தவர் தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டு வலப்பக்கம் நடக்கிறார். அந்தப் பக்கம் சுவர்தான். அரை நிமிடத்தில் திரும்பி வந்து, அதே வாசலைக் கடக்கும்போது மறுபடி தொப்பியைத் தூக்குகிறார். இடப்பக்கம் போய், துணிக்கூடை அறைக்குள் நுழைந்து, அங்கிருந்தும் திரும்பி வருகிறார். மூன்றாவது தடவை வாசலைக் கடக்கையில் உள்ளிருந்து குரல் வருகிறது: “லிஃப்ட் இடது பக்கம், கடைசியில்.” அவர் நின்று யோசிக்கிறார். “இடது எது?” மூதாட்டி பெருமூச்சு விட்டு, கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

ஆட்டம் அவ்வளவுதான். யாரும் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். காலையிலிருந்து அந்த அம்மாவை எழுப்பியது, குளிப்பாட்டியது, உடுத்திவிட்டது, மாத்திரையைக் கையில் வைத்தது எல்லாம் பிறர். அன்று அவர் இன்னொருவருக்குச் செய்த முதல் உதவி, அந்த வழிகாட்டல்.

இது ஏதோ ஒரு நாள் நடந்ததன் பதிவு இல்லை. இந்தக் கலை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட நான் வரைந்த மாதிரிக் காட்சி. ஆனால் இதிலுள்ள ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் உண்டு. கதவைத் தட்டியதற்கு, ‘போ’ என்றதும் போனதற்கு, வழி தவறியதற்கு, சிவப்பு மூக்குக்கு.

முதலில் ஒரு சொல் விளக்கம். இப்படிப்பட்ட இல்லத்தை ஆங்கிலத்தில் ‘நர்சிங் ஹோம்’ என்பதுண்டு. நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அது வேறு: தனியே வாழ முடியாத முதியவர்கள் எஞ்சிய காலம் முழுக்கத் தங்கும் இடம். அங்கிருப்பவர்களில் கணிசமானோருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கும். இவர்களுக்கென்று பயிற்சி பெற்று வரும் கோமாளியை ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘எல்டர் கிளவுன்’ என்கிறார்கள். முதியோர் கோமாளி என்று வைத்துக்கொள்வோம்.

சர்க்கஸிலிருந்து வார்டுக்கு

கோமாளி மருத்துவமனைக்குள் முறையாக நுழைந்தது குழந்தைகளுக்காகத்தான். நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸை நிறுவிய இருவரில் ஒருவரான மைக்கேல் கிறிஸ்டென்சன், 1986இல் ‘கிளவுன் கேர்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய கோமாளிகள் டாக்டர் வேடத்தில் வந்தார்கள். ‘சிவப்பு மூக்கு மாற்று அறுவை சிகிச்சை’ செய்தார்கள். நரம்பில் ரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பால் ஏற்றப்போவதாக மிரட்டினார்கள். ஊசியோடு வருகிற வெள்ளைக் கோட்டைக் கண்டு நடுங்கிய குழந்தை, அதே வெள்ளைக் கோட்டு தடுக்கி விழுவதைக் கண்டு சிரித்தது. அதே 1986இல் கனடாவின் வின்னிபெக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் கேரன் ரிட் இதே வேலையைத் தனியாகத் தொடங்கியிருந்தார். 1990களில் பிரான்ஸ், நெதர்லாந்து, ஆஸ்திரியா என்று இது பரவியது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகம் மருத்துவக் கோமாளிக் கலையைப் பட்டப்படிப்பாகவே கற்பித்தது.

இந்தக் கலை முதியவர்களிடம் வந்தபோது அப்படியே வரமுடியவில்லை. குழந்தைக்கு டாக்டர் வேடம் கேலி; மறதி நோய் உள்ள முதியவருக்கு அது நிஜ டாக்டர். ‘மூளையை மாற்றப்போகிறேன்’ என்று விளையாட்டுக்குச் சொன்னால் நம்பிவிடுவார். ஆகவே வெள்ளைக் கோட்டு போயிற்று. முகம் முழுக்கப் பூசும் வெள்ளைச் சாயமும், ஆரஞ்சு நிறப் பொய்முடியும், முழ நீளச் செருப்பும் போயின. பதிலுக்கு வந்தது அந்த முதியவர்களின் இளமைக்காலத்து உடை: கழுத்து டை, பூப்போட்ட கவுன், ஹோட்டல் சிப்பந்தியின் பித்தளைப் பொத்தான் சீருடை. கையில் ஒரு யூகலேலே. கிட்டாரின் குட்டித் தம்பி போன்ற நான்கு தந்தி வாத்தியம். கட்டிலோரம் குனிந்து மெல்ல வாசிக்க ஏற்றது.

எதை விட வேண்டும் என்று அறிவதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம். கோமாளி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்பது பெரியவர்களின் கற்பனை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர் 4 முதல் 16 வயது வரையிலான 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம், மருத்துவமனைச் சுவரில் என்ன படம் வேண்டும் என்று கேட்டார்கள். 2008இல் வெளிவந்த விடை: கோமாளிப் படம் வேண்டவே வேண்டாம், பயமாக இருக்கிறது. சாயம் பூசிய முகத்தில் ஆளின் உண்மையான முகபாவம் தெரிவதில்லை. பார்வையும் புரிதலும் மங்கியவருக்கு அந்தக் குழப்பம் இன்னும் கூடும்.

மூக்கு எதற்கு?

எல்லாம் போய் மூக்கு மட்டும் தங்கியது. பாரிஸில் நாடகப் பள்ளி நடத்திய ழாக் லெகோக், சிவப்பு மூக்கை உலகின் மிகச் சிறிய முகமூடி என்று தன் மாணவர்களுக்குக் கற்பித்தார். கண்ணையும் வாயையும் அது மறைப்பதில்லை. ஆனால் போட்டவரை வேறு ஆளாக்கிவிடுகிறது.

வயதான கண்ணுக்கும் அது ஒத்துப்போகிறது. முதுமையில் விழிலென்ஸ் பழுப்பேறும். அந்தப் பழுப்புக் கண்ணாடி வழியே நீலமும் ஊதாவும் மங்கிப்போகும். சிவப்பு அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. முகத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்குப் படுகிறது. மறதி நோய் வந்தவரைப் பார்க்கப் போகிற நாம் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி எது? “நான் யாருன்னு தெரியுதா?” அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் அது ஒரு பரீட்சை. மகன் வைக்கிறான், மருமகள் வைக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரரும் வந்து வைக்கிறார். டாக்டர் வந்தால் இன்று என்ன கிழமை, இது என்ன மாதம் என்று இன்னொன்று. அந்த மனிதர் நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

சிவப்பு மூக்கோடு வருபவரை யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. போதாததற்கு, கிழமையும் வழியும் அவருக்கே தெரியாது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே தொப்பியைத் தேடுவார். அறையில் அவரைவிட விவரம் தெரிந்தவர் கட்டிலில் படுத்திருப்பவர்தான்.

கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. நம் தெருக்கூத்தில் திரை விலகி ராஜா வந்து நின்றதும் கட்டியங்காரன் அவனையே ‘நீ யாரு, எந்த ஊரு’ என்று விசாரிப்பான். ஊர்ச் சனத்துக்கெல்லாம் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொடியன்கூட அவனைவிட ஒருபடி மேல். நாடகக்காரர்கள் இதைத் தாழ்நிலை நடிப்பு என்பார்கள். வேண்டுமென்றே தன்னைக் கீழே வைத்து, எதிரில் இருப்பவரை மேலே ஏற்றுவது. முதியோர் கோமாளியின் முழுத் தொழிலும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரு வருகையின் இலக்கணம்

வேலை அறை வாசலில் தொடங்குவதில்லை. பணியாளர்களிடம் பேசும்போதே தொடங்கிவிடுகிறது. இவர் என்ன தொழில் பார்த்தார், எந்த ஊர், எந்தப் பாட்டு பிடிக்கும், எதைத் தொட்டால் கோபம் வரும், இரவு தூங்கினாரா? ரயில்வேயில் இருந்தவரிடம் விசிலோடு போகலாம். போரில் அண்ணனை இழந்தவரிடம் அணிவகுப்புப் பாட்டோடு போகக் கூடாது.

பெரும்பாலும் இருவராகப் போவார்கள். இருவர் இருந்தால் சண்டை போடலாம், பொறாமைப்படலாம், யார் சொன்னது சரி என்று கட்டிலில் இருப்பவரிடம் தீர்ப்புக் கேட்கலாம். வாயே திறக்காதவர்கூட இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்; பார்வையாளராக இருப்பதும் ஒரு வேடம்தான்.

அடுத்தது அனுமதி. இல்லத்தில் இருப்பவரால் ஊசியை வேண்டாம் என்று சொல்ல முடியாது, குளியலை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கோமாளியை மட்டும் சொல்லலாம். சொன்னால் அது செல்லும். தோற்றோம் என்று கோமாளி முகம் சுளிக்க மாட்டார். அந்த ‘போ’ சொல்லும் உரிமைதான் அன்றைக்குக் கோமாளி கொடுத்த பரிசு.

உள்ளே போனபின் உடல் பேசும் இலக்கணம் வருகிறது. பக்கவாட்டிலிருந்து வரக் கூடாது. மறதி நோயில் கண்பார்வையின் வீச்சு குறுகிவிடக்கூடும். ஓரத்தில் வருபவர் திடீரென்று முளைத்தவர்போல் தெரிவார். நேர் எதிரே, மெதுவாக, கண்மட்டத்துக்குக் கீழே குனிந்து வரவேண்டும். கத்தவும் கூடாது. வயதான காது முதலில் இழப்பது உச்சஸ்தாயி ஒலிகளை. கத்தினால் குரல் இன்னும் உச்சத்துக்குத்தான் போகும். தாழ்ந்த குரலில், நிறுத்திச் சொன்னால் விளங்கும்.

கடைசியாக, மறுக்காமை. “அம்மா பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள், நான் போகணும்” என்று 88 வயதுக்காரர் எழுந்தால், உங்கள் அம்மா இறந்து 40 வருடமாகிறது என்று திருத்துவது உண்மை. ஆனால் அவருக்கு அது இன்றைய சாவுச் செய்தி. கோமாளி திருத்துவதில்லை. “நானும் அந்த பஸ்ஸுக்குத்தான்” என்று பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கசங்கிய டிக்கெட்டை எடுப்பார். மேடையில் ஒத்திகையில்லாமல் நடிப்பவர்களின் முதல் விதி இது: எதிராளி சொன்னதை ஏற்றுக்கொள், அதன்மேல் ஒன்றைச் சேர். அமெரிக்காவில் முதியோர் நலப் பணி செய்த நயோமி ஃபைல் வகுத்த ‘வேலிடேஷன்’ முறையும் இதையே சொல்கிறது: திருத்தாதே, அந்தச் சொல்லுக்குப் பின்னாலிருக்கும் உணர்வைப் பிடி.

மூளையில் என்ன எஞ்சியிருக்கிறது?

மறதி நோய்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு அல்சைமர்தான் காரணம் என்று கணக்கிடுகிறார்கள். அது மூளையில் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். கடல்குதிரை வடிவில் உள்ள சிறு பகுதி. காலையில் யார் வந்தார், என்ன சாப்பிட்டோம் என்பதைப் பதிவு செய்யும் எழுத்தர் அது. எழுத்தர் விடுப்பில் போய்விட்டார் என்பதால் அலுவலகம் முழுக்க மூடிவிட்டதாகாது. கை கற்ற வித்தைகளைப் பேசல் கேங்ளியா, சிறுமூளை ஆகிய வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன. அவை நெடுநாள் தாங்கும்.

இங்கேதான் டை வருகிறது. கோமாளி வேண்டுமென்றே டையைக் கோணலாக முடிந்துகொண்டு போவார். முப்பது வருடம் அலுவலகம் போன ஒருவர், மனைவி பேரைக்கூடச் சொல்ல முடியாதவர், அதைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு கை தானாக நீளும். முடிச்சை அவிழ்க்கும், அகல முனையைக் குறுகியதன்மேல் சுற்றும், அடியில் கொடுத்து இழுக்கும், காலரைத் தட்டிச் சரிசெய்யும். ‘டை எப்படிக் கட்டுவது?’ என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். கேட்கப்பட்டது வாயிடம் இல்லை, கையிடம்.

பாட்டும் அப்படியே. ஏறக்குறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் நடந்தவை மற்றக் காலத்தைவிடத் தடிப்பாக மனத்தில் படிகின்றன; உளவியலார் இதை நினைவு மேடு என்கிறார்கள். 1926இல் பிறந்தவருக்கு 1940களின் பாட்டு. ஆகவே முப்பது வயதுக் கோமாளி தன் தாத்தா காலத்துப் பாட்டுகளை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

சிரிப்பின் ருசியும் மாறுகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 48 நோயாளிகளின் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோய் வந்தவர்களின் நாட்டம் நையாண்டியிலிருந்து விலகி, வழுக்கி விழுவது போன்ற உடல் சேட்டைப் பக்கம் சாய்வது தெரிந்தது. சொல்லில் ஒளித்து வைத்த வேடிக்கையை அவிழ்க்க நிறைய நினைவு வேண்டும். நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தவனைப் புரிந்துகொள்ள அவ்வளவு வேண்டாம்.

“எப்படியும் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார், என்ன பயன்?” என்று கேட்கலாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்தார்கள். அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகப் படத்துண்டுகளையும், இன்னொரு சமயம் வேடிக்கையான படத்துண்டுகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் படத்தின் விவரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. சோகமும் மகிழ்ச்சியும் மறையவில்லை; எதனால் வந்தது என்று தெரியாமலே உள்ளே தங்கியிருந்தன. 2014இல் வெளிவந்த இந்த முடிவு இருபக்கமும் வெட்டும். கோமாளி போனபின் இதம் தங்கும். எரிந்து விழுந்த பணியாளர் போனபின் அந்தக் காயமும் தங்கும்.

சிட்னியில் நடந்த சோதனை

அழகாகச் சொல்லிவிடலாம், நிரூபிக்க வேண்டுமே. ஆஸ்திரேலியாவில் மருத்துவர் பீட்டர் ஸ்பிட்சரும் கலைஞர் ஜான்-பால் பெல்லும் சேர்ந்து 1997இல் ஹியூமர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவியிருந்தார்கள். அதன் முதியோர் கோமாளிகளைக் கொண்டு சிட்னியில் 35 பராமரிப்பு இல்லங்களில் ‘ஸ்மைல்’ என்ற ஆய்வு நடந்தது. தலைமை ஆய்வாளர் லீ-ஃபே லோ. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இல்லங்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கோமாளி வாரம் ஒருமுறை வருவார், இரண்டு மணி நேரம், 9 முதல் 12 வாரம் வரை. மறு பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். மொத்தம் 398 முதியவர்கள்.

இந்த ஆய்வில் இன்னொரு பாத்திரமும் உண்டு. அதன் பெயர் ‘லாஃப்டர் பாஸ்’: இல்லத்தின் பணியாளர்களிலேயே ஒருவர், ஒருநாள் பயிற்சி பெற்றவர். கோமாளி வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருப்பார். மீதி நேரம் முழுக்க இருப்பவர் இவர்தான். கோமாளி கண்டுபிடித்த விளையாட்டைக் குளிப்பாட்டும்போதும் உடுத்தும்போதும் தொடர்வது இவர் பொறுப்பு.

2013இல் முடிவுகள் வெளிவந்தன. முதன்மையாக அவர்கள் எதிர்பார்த்தது மனச்சோர்வு குறையும் என்று. குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள். ஆனால் மனக்கொந்தளிப்பு குறைந்திருந்தது. ஓயாமல் நடை போடுவது, கத்துவது, அடிப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போன்றவற்றைப் பட்டியலிட்டு அளக்கும் அளவுகோலில் 26ஆவது வாரம் வரை கணக்கெடுத்தபோது இது தெரிந்தது.

இது சின்ன விஷயமா? இந்தக் கொந்தளிப்பை அடக்கப் பல இல்லங்களில் மனநோய் மருந்துகளைக் கொடுப்பது வழக்கம். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அவற்றால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. கோமாளிக்கு அந்தப் பக்கவிளைவு இல்லை.

டொரன்டோவில் பியா கான்டாஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. மறதி நோய் உள்ள 23 பேர். வாரம் இருமுறை, 12 வாரம். ஒவ்வொருவரிடமும் தோராயமாகப் பத்து நிமிடம், கோமாளி ஜோடி ஒன்று. நடத்தைக் கோளாறுகள் குறைந்தன, வாழ்க்கைத் தரம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லாத சின்ன ஆய்வு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். கான்டாஸ் வலியுறுத்துவது வேறொன்று: விளையாட்டை ஆரம்பிப்பது எப்போதும் கோமாளி அல்ல. முதியவரும் சீண்டுகிறார், நடிக்கிறார், கோமாளியை மாட்டிவிடுகிறார். ‘நோயாளி’ என்று நாம் எழுதி வைத்தவருக்குள் குறும்பு அப்படியே இருக்கிறது. வெளிப்பட ஒரு கூட்டாளிதான் இல்லை.

எங்கே தவறும்?

வேலை கெடும் வழிகளும் உண்டு. முதன்மையானது குழந்தையாக்குவது. முதுமை இரண்டாவது குழந்தைப் பருவம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை நம்பிக் கன்னத்தைக் கிள்ளி, கைதட்டச் சொல்லி, பலூன் ஊதிக் கையில் கொடுத்தால் அது அவமானம். குழந்தைக்கு முன்னால் இருப்பது வாழ்க்கை. இவர் அதை வாழ்ந்து முடித்தவர். கணக்கு வாத்தியாராக, நர்ஸாக, மீன் வியாபாரியாக ஒருகாலத்தில் நாலு பேரை அதட்டியவர். நல்ல கோமாளி, தான் குழந்தையாகி அவரைப் பெரியவராக்குவார்.

இரண்டாவது, சிரிப்பையே அளவுகோலாக்குவது. சில அறைகளில் பாட்டுக்கு நடுவே அழுகை வரும். அதைக் கண்டு பதறி அடுத்த வேடிக்கைக்குத் தாவுகிறவர் இந்தத் தொழிலுக்குப் புதியவர். அனுபவப்பட்டவர் வாசிப்பை மெதுவாக்கி, பக்கத்திலேயே இருப்பார். மரணப் படுக்கையோரம் யூகலேலே மட்டும் பேசும் வருகைகளும் உண்டு.

மூன்றாவது, சாதாரண ஒழுங்கு. அறைக்கு அறை கை கழுவ வேண்டும், மூக்கையும் துடைக்க வேண்டும். உள்ளே கேட்டது வெளியே போகக் கூடாது. நடைக்கு வந்து மூக்கைக் கழற்றிய பிறகு, அன்று பார்த்ததைக் கூட்டாளியோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். போன வாரம் டையைக் கட்டிவிட்டவரின் கட்டில் இந்த வாரம் காலியாக இருக்கும் தொழில் இது.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது இல்லத்தில் இல்லை, வீட்டில். நடு அறைக் கட்டிலில், வாசல் திண்ணையில். சிவப்பு மூக்கோடு அங்கே யாரும் வரப்போவதில்லை. மூக்கு இல்லாமலும் இதில் பாதியைச் செய்யலாம்.

அடுத்த தடவை பாட்டியைப் பார்க்கப் போகும்போது, ‘நான் யாருன்னு சொல்லு’ என்று கேட்காதீர்கள். சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு போய் எதிரே உட்காருங்கள். அவர் பார்க்கும்வரை சும்மா இருங்கள். “என்ன இது, சட்டைகூட ஒழுங்காப் போடத் தெரியல” என்று அந்தக் கை நீண்டால், சொல்வதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருங்கள்.